கறுப்புக் காருக்கு எந்த விளக்கு

“எந்த விளக்கு வாங்கட்டுங்க, டீச்சர்?” என்று கேட்டார் சென்னியப்பன்.

மெஹருன்னிசா கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“எதைப் பாக்கறதுக்கு?”

“குறையைப் பாக்கறதுக்குங்க. கார் பெயின்ட்ல இருக்கற குறையை.”

சென்னியப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கோயம்புத்தூர் சத்தி ரோட்டில் கார் பெயின்ட், பாலிஷ் பட்டறை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு. ஒரு கார் தொழிற்சாலையில், வரிசையில் வரும் ஒவ்வொரு வண்டியின் பெயின்டையும் பார்த்துக் குறை சொல்லும் வேலையில் பதினோரு வருஷம் இருந்தவர். இப்போது ஐடிஐயில் பெயின்ட் பிரிவுக்கு ஆசிரியை. ஊரில் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவார்கள்.

தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரிடம் கேட்பதற்கு சென்னியப்பன் மனசைத் தயார் செய்ய மூன்று வாரம் ஆயிற்று.

“என்ன நடந்துச்சு?” என்றார் மெஹருன்னிசா.

“ஒரு கறுப்புக் காருங்க. திருவேங்கடம்னு ஒரு வக்கீலோடது. பாலிஷ் போட்டுக் குடுத்தோம். பட்டறைக்குள்ள கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மறுநாள் பதினோரு மணிக்குக் கொண்டாந்து வாசல்ல வெயில்ல நிறுத்திட்டு, வெளிய வந்து பாருங்கன்னார்.”

“பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. பானெட் பூரா கோடு. வட்டம் வட்டமா, சிலந்தி வலை மாதிரி.”

“அப்புறம்?”

சென்னியப்பன் கரும்பலகையைப் பார்த்தார்.

“பட்டறைல வெளிச்சம் பத்தலீங்க. அதனாலதான் விளக்கு கேக்கறேன்.”

மெஹருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டார். “வாங்கண்ணா.”

ஷெட்டின் மூலையில் ஒரு மேஜைமேல் கறுப்பு பானெட் ஒன்று கிடந்தது. மாணவர்கள் பழகுவதற்காக வைத்தது. மேலே வரிசை வரிசையாக ட்யூப்லைட் எரிந்தது.

“குறை சொல்லுங்க.”

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

“சுத்தமா இருக்குங்க.”

மெஹருன்னிசா எல்லா விளக்கையும் அணைத்தார். ஜன்னலைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, பானெட்டுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார்.

வெளிச்சம் போன இடமெல்லாம் மயிரிழைக் கோடுகள் எழுந்து வந்தன.

“இந்த டார்ச்சுதானுங்க வேணும். எங்க கிடைக்கும்?”

மெஹருன்னிசா டார்ச்சை அணைத்தார். ஒரே ஒரு வரிசை ட்யூப்லைட்டைப் போட்டார்.

“பானெட்டுக்குள்ள தெரியற ட்யூப்லைட்டைப் பாருங்க.”

பானெட்டில் விளக்கின் பிம்பம் நேர்க்கோடாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் லேசாக வளைந்து, பிறகு நேரானது.

“பள்ளம்,” என்றார் சென்னியப்பன். “டார்ச் இதைக் காட்டலீங்களே.”

“காட்டாது.”

பிறகு அவர் அந்த வரிசையையும் அணைத்துவிட்டு, சுவரில் இருந்த ஒரு பழைய மஞ்சள் விளக்கைப் போட்டார்.

பானெட் பளபளத்தது. கோடு மங்கிப்போயிற்று. பள்ளம் காணாமல் போயிற்று. இப்போதுதான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல இருந்தது.

“உங்க பட்டறைல என்ன விளக்கு?”

சென்னியப்பன் அந்த மஞ்சள் விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

“மஞ்சள்தானுங்க.”

“யார் போட்டது?”

“நான்தானுங்க. அந்த வெளிச்சத்துல வண்டி நல்லா மினுங்கும். எடுத்துட்டுப் போறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்.”

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. காது மடல் சுட்டது.

மெஹருன்னிசா ஒரு தாளை எடுத்து எழுதினார். உச்சி வெயில்போல வெள்ளை வெளிச்சம். மேலே மட்டும் போதாது, கதவின் கீழ்ப்பகுதி தெரிய முழங்கால் உயரத்தில் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஸ்விட்ச். ஒரு டார்ச்.

“மாட்டிட்டுச் சொல்லுங்க. வந்து பாக்கறேன்.”

பத்து நாளில் சென்னியப்பன் பட்டறையை மாற்றினார். மஞ்சள் விளக்குகளைக் கழற்றினார். தாளில் இருந்ததோடு நிற்கவில்லை. கைபேசி வீடியோக்களில் எல்லாரும் மாட்டுவதுபோல, கூரை முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோண எல்இடி விளக்குகளை மாட்டினார்.

சனிக்கிழமை பகலில் மெஹருன்னிசா வந்தார். உள்ளே நுழைந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“ரிசப்ஷன் எதாவது இருக்காண்ணா?”

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“பாதியை அணைங்க.”

அணைத்தார்.

“இன்னும் பாதி.”

அணைத்தார்.

“இப்ப வேலை முடிஞ்ச வண்டி ஒண்ணு காட்டுங்க.”

அன்று சாயங்காலம் கொடுக்கவேண்டிய வண்டி ஒன்று நின்றது. அதுவும் கறுப்பு. புதிதாகச் சேர்ந்த பாலிஷ்காரர் காலையில்தான் வேலையை முடித்திருந்தார். மெஹருன்னிசா டார்ச்சைப் போட்டு பானெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்தார். பிறகு கதவுகள். குனிந்து, பக்கத்து விளக்குகளைப் போட்டு, கதவின் அடிப்பகுதி.

“நல்லா இருக்கு,” என்றார். “ஒரு கோடு இல்ல.”

சென்னியப்பனின் நெஞ்சு நிமிர்ந்தது.

“இன்னும் முடியலீங்க, டீச்சர். கடைசித் துடைப்பு பாக்கி. அதை மட்டும் நான் யார்கிட்டயும் விடமாட்டேன். இருபத்தாறு வருஷமா என் பட்டறையை விட்டுப் போற ஒவ்வொரு வண்டியையும் என் கையாலதான் துடைச்சு அனுப்பறேன்.”

“துடைங்க.”

அவர் ஆணியில் மாட்டியிருந்த துணியை எடுத்தார். நல்ல மெத்தென்ற பனியன் துணி. திருப்பூரிலிருந்து வருவது. பானெட்டின் இடப்பக்கம் நின்று, பாலிஷ் தூசி போகும்படி வட்டம் வட்டமாகத் துடைத்தார். வலப்பக்கம் வந்து அதேபோலத் துடைத்தார். கை எட்டிய தூரம்வரை.

மெஹருன்னிசா டார்ச்சை நீட்டினார்.

“நீங்களே பாருங்க.”

சென்னியப்பன் வாங்கிப் பார்த்தார்.

இடப்பக்கம், மயிரிழை மயிரிழையாக, வட்டம் வட்டமாகக் கோடு. வலப்பக்கமும் அப்படியே. கை எட்டாத நடுப்பகுதியில் மட்டும் ஒன்றும் இல்லை.

அவர் அந்த நடுப்பகுதியிலேயே டார்ச்சை வைத்துக்கொண்டு நின்றார்.

வக்கீலின் காரிலும் நடுவில் கோடு இல்லை. அன்றைக்கே அதைப் பார்த்திருந்தார். பார்த்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெஹருன்னிசா துணியை வாங்கி முகர்ந்து பார்ப்பதுபோல முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். கன்னத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.

“எங்க காயப்போடறீங்க?”

“காம்பவுண்டு சுவருமேலங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தி ரோடு. லாரி போகும்போதெல்லாம் மண் எழும்.

சென்னியப்பன் டார்ச்சை அணைத்தார்.

“ஏன் அணைச்சீங்க?”

வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சென்னியப்பன் அதன்மேல் உட்கார்ந்தார்.

“டீச்சர், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலீங்க.”

“சொல்லுங்கண்ணா.”

“இருதயராஜ்னு ஒருத்தன். பத்தொம்போது வருஷம் என்கிட்ட பாலிஷ் போட்டவன். வக்கீல் வந்து நின்ன அன்னிக்கு, கோடு யார் போட்டதுன்னு கேட்டார். நான் இவனைக் கை காட்டினேன். அப்பவும் அவர் கோபம் அடங்கல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் இவன் கையில இருந்த மெஷினைப் பிடுங்கி, உனக்குக் கண்ணு போயிருச்சு, வீட்டுக்குப் போன்னுட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணுமே சொல்லலீங்க. ஒரு தடவை குனிஞ்சு பானெட்டைப் பாத்தான். ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டான்.”

மெஹருன்னிசா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“டீச்சர், இப்ப நான் என்ன பண்ணட்டுங்க?”

“விளக்கு கேட்டீங்க. மாட்டிட்டீங்க,” என்றார் மெஹருன்னிசா. “நான் வர்றேண்ணா.”

திங்கட்கிழமை சாயங்காலம் சென்னியப்பன் கணபதியில் இருதயராஜின் வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த அவன் மனைவி சகாயமேரி அவரைக் கண்டதும் தயங்கி, பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க,” என்றாள்.

இருதயராஜ் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கைவரை சாம்பல் நிறக் கல்தூள்.

“உக்காருங்க முதலாளி.”

“எங்க வேலைக்குப் போறே, இருதயம்?”

“கிரைண்டர் கம்பெனிலங்க. கல்லு பாலிஷ்.”

“பரவால்லியா?”

“பரவால்லீங்க. கல்லுன்னா கையில தடவிப் பாத்தாலே தெரிஞ்சுரும். கண்ணு அவ்வளவா வேண்டியதில்ல.”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சகாயமேரி டீ டம்ளரைச் சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றாள். “ரெண்டு டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. நல்லாத்தான் இருக்குன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. இவரு நம்ப மாட்டேங்கறாரு. பொழுது சாஞ்சா வண்டி ஓட்டறதில்ல. புள்ள நோட்டுல கையெழுத்துப் போடறதுக்குக்கூட வெளிச்சத்துக்குப் போறாரு.”

“விடு மேரி.”

“டாக்டருக்கு என்ன தெரியும்கறாருங்க. பத்தொம்போது வருஷம் கூட நின்னு என் வேலையைப் பாத்தவரு சொன்னா தப்பா இருக்குமாங்கறாரு.”

சென்னியப்பன் டீயைக் குடித்தார். சூடு தெரியவில்லை.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன்,” என்றார். “பாத்துட்டுப் போலாம்னு.”

“சந்தோஷமுங்க,” என்றான் இருதயராஜ். தெருமுனைவரை கூட வந்து வழியனுப்பினான்.

மறுநாள் ஐடிஐயில் முதல் வகுப்பு தொடங்கும் முன்பே சென்னியப்பன் வாசலில் நின்றார்.

“போனனுங்க. வாயில ஒரு வார்த்தை வரல.”

“சரி.”

“உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. அந்த வீட்டுக்குள்ள வெச்சு எப்படிங்க சொல்றது?”

மெஹருன்னிசா வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

“கண்ணு போயிருச்சுன்னு எங்க வெச்சுச் சொன்னீங்க?”

“பட்டறை வாசல்லங்க.”

“எத்தனை மணிக்கு?”

“பதினோரு மணிக்குங்க,” என்றார் சென்னியப்பன்.

மெஹருன்னிசா வகுப்புக்குள் போய்விட்டார்.

வக்கீல் திருவேங்கடத்தின் அலுவலகத்தில் சென்னியப்பன் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். “உங்க ஆளுங்க கை இனி என் வண்டிமேல படக்கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே,” என்றார் வக்கீல். கோடுகள் அப்படியேதான் இருந்தன. வேறு எங்கும் கொடுக்க அவருக்கு நேரமில்லை.

“யாரும் தொட மாட்டாங்க சார். ஒரு பத்து நிமிஷம் வந்து நின்னாப் போதும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு.”

“எதுக்கு?”

“அங்க வெச்சுச் சொல்றனுங்க.”

அன்று வேடிக்கை பார்த்த எதிர்சாரி பேக்கரிக்காரரிடம் போய், வியாழக்கிழமை வரச் சொன்னார். அன்று பட்டறை வாசலில் நின்றிருந்த இன்சூரன்ஸ் ஏஜென்டைத் தேடிப் பிடித்துச் சொன்னார். ஒவ்வொருவரும் எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு முகம் சுருங்கியது. புதன்கிழமை கிரைண்டர் கம்பெனிக்குப் போய், மேற்பார்வையாளரிடம் கேட்டு, இருதயராஜுக்கு அரை நாள் லீவு வாங்கினார்.

வியாழக்கிழமை நல்ல வெயில்.

கறுப்புக் கார் பட்டறை வாசலில் நின்றது. வக்கீல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பேக்கரிக்காரரும் ஏஜென்டும் வந்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இருதயராஜ் மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான். உள்ளே வரவில்லை.

அவனாகவே உள்ளே வருவான் என்று நினைத்திருந்த சென்னியப்பன், கடைசியில் தானே கேட்வரை போனார்.

“வா இருதயம்.”

வந்தான். காரிலிருந்து நாலடி தள்ளி நின்றான்.

சென்னியப்பனுக்கு இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் ஞாபகம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பனியன் துணியை எடுத்தார்.

“சார், உங்க பானெட்ல இருக்கற கோடு இதுல வந்தது. இதை வெச்சுத் துடைச்சது நான்.”

துணியை விரித்துக் காட்டினார்.

“இவன் பாலிஷ் சுத்தமாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல நான் தூசித் துணியைப் போட்டுத் தேச்சேன். கை எட்டாத நடுவுல கோடு இல்ல, பாருங்க. அன்னிக்கே அதை நான் பாத்தேன். பாத்துட்டும் இவனைக் கை காட்டினேன்.”

“நீங்களா?” என்றார் பேக்கரிக்காரர்.

“நான்தானுங்க. உனக்குக் கண்ணு போயிருச்சுன்னு உங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டுச் சொன்னேன். அதைக் கேட்டு ரெண்டு டாக்டர்கிட்டப் போயிருக்கான். அவன் கண்ணுல ஒரு குறையும் இல்ல.”

வெயில் தலையில் இறங்கியது. வக்கீல் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே, சென்னியப்பன்.”

“சொல்லியிருக்கலாமுங்க,” என்றார் அவர்.

ஏஜென்ட் தரையைப் பார்த்தார். பட்டறை ஆட்களில் ஒருவர் இருமினார். சென்னியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஓடிப்போய் விடலாம்போல இருந்தது. உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

இருதயராஜ் நாலடியைக் கடந்து வந்தான்.

பானெட் பக்கம் குனிந்தான். முதலில் விரலை நீட்டினான். நடுவழியில் நிறுத்தி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கண்ணால் மட்டும் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான். நடுவில் வெகுநேரம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். பிறகு நகர்ந்து கதவுகளைப் பார்த்துக்கொண்டே போனான். டிரைவர் பக்கக் கதவில் நின்றான்.

“இருதயம்,” என்றார் சென்னியப்பன். “மன்னிச்சுக்கோ. திரும்பி வர்றியா?”

இருதயராஜ் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சார்,” என்றான் வக்கீலிடம். “இந்தக் கதவுல ஒரு தூசி இருக்குங்க. பெயின்டுக்கு அடியில. இது எங்க பட்டறைல வந்ததில்ல. வண்டி செஞ்ச எடத்துலயே உள்ள மாட்டியிருக்கு.”

“எங்கே?”

“இங்கங்க.”

வக்கீல் குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “எனக்குத் தெரியலயே.”

ஏஜென்ட் பார்த்தார். பேக்கரிக்காரர் பார்த்தார்.

சென்னியப்பன் வந்து குனிந்தார். இருதயராஜ் காட்டிய இடத்தையே உற்றுப் பார்த்தார். கறுப்பு மட்டும்தான் தெரிந்தது. அதில் வெயில் தெரிந்தது. தன் முகம் தெரிந்தது. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘ஆமா, இருக்கு’ என்று சொல்ல வாய்வரை வந்தது.

“எனக்கும் தெரியலீங்க, இருதயம்,” என்றார்.

இருதயராஜ் அவருடைய தோளைத் தொட்டு மெல்ல நகர்த்தினான்.

“இந்தப் பக்கம் வாங்க,” என்றான். “அங்க நின்னாத் தெரியாது.”